பெறாமகனின் பெயரில் எங்கள் டொமைன்: திரும்ப எடுக்க முடியுமா?

முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்து ஒரு அக்கா நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் கடைப் பெயரையும் தவிர்த்துச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

2013 இல் நான்கு பெண்கள் சேர்ந்து பனங்கட்டி, ஒடியல் மா, புழுக்கொடியல், வறுத்து இடித்த மிளகாய்த்தூள் என்று விற்கத் தொடங்கினார்கள். இன்று ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். 2014 இல் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தார்கள். 2017 இல், கனடாவில் இருக்கும் இவருடைய தமக்கையின் மகன் அதே பெயரில் ஒரு டொட் கொம் டொமைனை, அதாவது இணைய முகவரியை, தன் கடனட்டையில் எடுத்து, இணையத்தளத்தையும் தானே கட்டிக் கொடுத்தார். வருடா வருடம் அந்தக் காசை வவுனியாவில் இருக்கும் அவருடைய தாயின் கையில் இந்த அக்கா கொடுத்து வந்தார். பின்னர் அந்தத் தம்பி ரொறன்ரோவில் கடை போட்டு இவர்களுடைய பொருட்களை இறக்கினார். ஒரு சரக்கின் காசு வராமல் போக, கதை வளர்ந்து மனக்கசப்பானது. கடந்த ஒரு வருடமாக அந்த முகவரியைத் தட்டினால் அவருடைய கனடாக் கடைதான் திறக்கிறது. வேறு யாரோ செய்த பனங்கட்டி அதே பெயரில் அங்கே விலைப்படுகிறது. டொமைன் வேண்டுமென்றால் 2,000 கனேடிய டொலர் தரும்படி கேட்கிறார். இங்கே வீட்டில் அந்த முகவரியோடு அச்சடித்த 5,000 லேபல்கள் கிடக்கின்றன.

"பேரும் எங்கட, பதிவும் எங்கட. அவனுக்கு என்ன உரிமை? பொலிசில குடுத்தா எடுக்கலாமா? உலக அமைப்பு ஒண்டு இருக்காம், அதில வழக்குப் போட்டா கட்டாயம் வெல்லலாம் எண்டு ஒரு தம்பி சொல்லுறார்" என்று கேட்கிறார்.

அக்கா, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதில் சில உங்களுக்குக் கசக்கும். நியாயம் இருப்பதும், அதை எந்த வாசலில் கொண்டுபோய் வைப்பது என்பதும் இரண்டு விஷயம். பிழையான வாசலில் தட்டினால் காசும் போகும், காலமும் போகும்.

டொமைன் என்பது பெர்மிட் காணி மாதிரி

நம் பக்கத்தில் பெர்மிட் காணிக்கு விளக்கம் தேவையில்லை. காட்டை வெட்டித் துப்புரவாக்கி, கிணறு கிண்டி, தென்னை வைத்தவர் ஒருவர். பெர்மிட்டில் இருக்கும் பெயர் இன்னொருவருடையது. காணிக் கச்சேரியில் முதலில் பார்ப்பது கடுதாசியில் யார் பெயர் என்பதைத்தான். தென்னையை யார் வைத்தார் என்ற கதை அதற்குப் பிறகுதான் வரும்.

டொமைனும் அப்படித்தான். அதை யாரும் அறுதியாக வாங்குவதில்லை. டொமைன்களைப் பதிந்து கொடுக்கும் பதிவு நிறுவனத்தோடு வருடக் கணக்கில் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. யாருடைய பெயரில், யாருடைய மின்னஞ்சலில் கணக்கு இருக்கிறதோ அவருடைய சொல்லைத்தான் அந்த நிறுவனம் கேட்கும். நீங்கள் எத்தனை மின்னஞ்சல் போட்டாலும் "கணக்கு வைத்திருப்பவரிடம் பேசுங்கள்" என்றுதான் பதில் வரும். அது அவர்களுடைய அநியாயம் இல்லை. உங்கள் பெயர் அவர்களுடைய ஏட்டில் எங்குமே இல்லை.

பிரதேச செயலகப் பதிவைப் பற்றி. நீங்கள் அதைப் பெரிய ஆயுதமாக நினைக்கிறீர்கள். அந்தச் சான்றிதழ், இந்தப் பெயரில் இந்த இடத்தில் இன்னார் வியாபாரம் செய்கிறார் என்பதை அறிவிக்கும் ஒரு பதிவு. அது வியாபாரக் குறி (ட்ரேட் மார்க்) ஆகாது. அந்தப் பெயரை உலகத்தில் வேறு யாரும் பாவிக்கக்கூடாது என்று தடுக்கும் உரிமையும் அதில் இல்லை. ஆனால் வீண் என்றும் நினைக்க வேண்டாம். 2014 இலேயே அந்தப் பெயரில் நீங்கள் தொழில் செய்தீர்கள் என்பதற்கு, டொமைன் எடுத்ததற்கு மூன்று வருடம் முந்திய சாட்சி அது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பதிவு செய்யாத வியாபாரப் பெயருக்கும் பாதுகாப்புத் தருகிறது. அதன் 160 ஆம் பிரிவு நேர்மையற்ற போட்டியைத் தடுக்கிறது. வேறு ஒருவரின் பண்டத்தை உங்களுடையது என்று மக்கள் எண்ணும்படி விற்பது அதற்குள் வரும். அந்த வழக்குக்கு உரிய இடம் கொழும்பில் உள்ள வர்த்தக மேல் நீதிமன்றம்.

அந்த உலக அமைப்பு வழக்கு

கட்டாயம் வெல்லலாம் என்று உங்களுக்கு ஒரு தம்பி சொன்னாரே, அது உண்மையில் இருக்கும் ஒரு வழிதான். டொட் கொம் போன்ற பெயர்களின் பிணக்குகளைத் தீர்க்க, உலகளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் என்ற அமைப்பு 1999 இல் ஒரு பொது விதியைக் கொண்டுவந்தது. யூடிஆர்பி என்பார்கள். ஜெனீவாவில் இருக்கும் உலகப் புலமைச் சொத்து அமைப்பு, அதாவது வைப்போ, இதில் அதிகம் அறியப்பட்ட மன்றம். நேரில் போகத் தேவையில்லை, எல்லாம் மின்னஞ்சலில் நடக்கும். எதிராளிக்குப் பதில் சொல்ல 20 நாள். வென்றால் டொமைனை உங்களுக்கு மாற்றுவார்கள் அல்லது அழிப்பார்கள். நட்டஈடு ஒரு சதமும் கிடைக்காது. வராமல் போன சரக்குக் காசை அங்கே பேசவே முடியாது. ஒரு நடுவர் விசாரித்தால் கட்டணம் 1,500 அமெரிக்க டொலர், ஏறக்குறைய நாலரை லட்சம் ரூபா. மருமகளின் தாலிக்கொடியை அடகு வைத்தாவது கட்டலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அங்கே மூன்று விஷயங்களையும் நீங்களே நிரூபிக்க வேண்டும். உங்களுக்கு ஒரு வியாபாரக் குறி உரிமை உண்டு, டொமைன் அதைப் போலவே இருக்கிறது. எதிராளிக்கு அந்தப் பெயரில் நியாயமான உரித்து இல்லை. அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு பதிந்து, கெட்ட எண்ணத்தோடு பாவிக்கிறார். மூன்றில் ஒன்று தவறினாலும் வழக்குத் தள்ளுபடி.

முதலாவதிலேயே தடக்கு இருக்கிறது. உங்கள் பெயர் ஊர்ப் பெயரும் பொருளின் பெயரும் சேர்ந்தது. பதிவு செய்த வியாபாரக் குறி உங்களிடம் இல்லை. பதியாத குறியையும் அங்கே ஏற்பார்கள், ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் சனத்துக்கு உங்களைத்தான் ஞாபகம் வருகிறது என்று விற்பனைக் கணக்கு, விளம்பரம், பத்திரிகைச் செய்தி எல்லாம் வைத்துக் காட்ட வேண்டும். ஊர்ப் பெயருக்கு இது எவ்வளவு சிக்கல் என்பதற்கு பார்சலோனா டொட் கொம் வழக்கு ஒரு பாடம். பார்சலோனா மாநகர சபையே 2000 இல் வைப்போவில் முறையிட்டு வென்றது. டொமைனை வைத்திருந்தவர்கள் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார்கள். வெறும் ஊர்ப் பெயரில் வியாபாரக் குறி உரிமை இல்லை என்று 2003 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, அவர்கள் பக்கம் தீர்த்தது. ஒரு பெரிய நகரத்துக்கே அந்த நிலை.

மூன்றாவதுதான் உங்களுக்குப் பெரிய தடை, அக்கா. நீங்கள் அனுப்பிய படங்களில் 2017 இல் உங்கள் பெறாமகன் வட்ஸ்அப்பில் எழுதிய செய்தி இருக்கிறது. "சித்தி, உங்கட பேர் கிடைச்சிட்டுது, உங்களுக்காக எடுத்து வச்சிருக்கிறன். காசைப் பிறகு பாப்பம்." கீழே நீங்கள் கும்பிடும் கைகளைப் போட்டிருக்கிறீர்கள். இதுதான் உங்கள் மிகப் பலமான சாட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். வைப்போ நடுவரின் கண்ணால் பாருங்கள். 2017 இல் அந்தப் பிள்ளைக்குக் கெட்ட எண்ணம் இருக்கவில்லை என்பதைத்தான் அது முதலில் காட்டுகிறது. பதியும்போது நல்ல மனம், பிறகு மனம் மாறியது என்றால் அந்த விதியின் கீழ் பொதுவாகத் தோற்பீர்கள். வருடா வருடம் புதுப்பிப்பதையும் அவர்கள் புதிய பதிவாக எடுப்பதில்லை. குடும்பத்துக்குள்ளும் பங்காளிகளுக்குள்ளும் வரும் ஒப்பந்தச் சண்டையை நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நடுவர்கள் திருப்பி அனுப்புவதும் வழக்கம்.

ஒரு சின்ன வாசல் மட்டும் திறந்திருக்கலாம். பதிவு வேறு ஆளின் கைக்கு மாறியிருந்தால் மாறிய நாளைப் புதிய பதிவாகக் கொள்வார்கள். அந்தத் தம்பி தன் பெயரிலிருந்து தன் சொந்தக் கம்பனிக்கு மாற்றியிருந்தால் அவ்வளவு எளிதில் ஏற்கமாட்டார்கள். கூட்டாளி யாருக்காவது கொடுத்திருந்தால் கதை வேறு. அதனால் கட்டணத்தைப் பற்றி யோசிக்க முன்னம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே செய்தி வேறு இடத்தில் பொன்

வைப்போவில் உங்களைக் கவிழ்க்கும் அதே வட்ஸ்அப் செய்தி, சாதாரண நீதிமன்றத்தில் உங்களைத் தூக்கி நிறுத்தும். "உங்களுக்காக எடுத்து வச்சிருக்கிறன்" என்று அவரே எழுதியிருக்கிறார். அதாவது அது தன்னுடையதில்லை, உங்களுக்காக வைத்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். காசை நீங்கள் கொடுத்தீர்கள். 1917 ஆம் ஆண்டில் இருந்தே நம் நாட்டில் நம்பிக்கைப் பொறுப்பு பற்றிய கட்டளைச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒருவரின் காசில் இன்னொருவரின் பெயரில் சொத்து எடுக்கப்பட்டால், பெயரில் இருப்பவர் காசு கொடுத்தவருக்காகவே அதை வைத்திருக்கிறார் என்று வாதாடும் வழி அதில் உண்டு. காணி வழக்குகளில் நாங்கள் அடிக்கடி எடுக்கும் வாதம் இது.

டொமைன் ஒரு சொத்தா என்று எதிர்ப்பக்கம் கேட்கும். அவர் இருப்பது ஒன்ராறியோவில் என்பதால் அங்குள்ள ஒரு தீர்ப்பு உங்களுக்கு உதவும். ரென்னர் டொட் கொம் என்ற பெயருக்காக பிரேசில் நாட்டுக் கடைத்தொடர் ஒன்றும் ரொறன்ரோவின் பதிவு நிறுவனம் ஒன்றும் மோதியபோது, டொமைன் ஒரு சொத்துத்தான் என்று 2011 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2004 இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில், டொமைன் பெயரும் வியாபாரக் குறியைப் போல் பாதுகாக்கப்பட வேண்டியது என்று தீர்த்தது. இவை நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டலாம்.

ஆனாலும் இங்கே வழக்குப் போட்டு வென்று அந்தத் தீர்ப்பைக் கனடாவில் நிறைவேற்றுவது நீண்ட பாதை. அங்கே போய் வழக்காடுவதென்றால் செலவு டொமைனின் பெறுமதியைப் பல மடங்கு தாண்டும். அந்தச் செய்தியின் பலம் உங்களுக்கு நீதிமன்றத்துக்கு வெளியே, பேச்சுவார்த்தையில்தான் அதிகம் உதவும் என்பது என் எண்ணம். ஒன்று கவனம். எழுதாத ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட நம் சட்டத்தில் மூன்று வருடம்தான் காலம். அவர் முதன்முதலில் தரமாட்டேன் என்று சொன்ன திகதியை இப்போதே எழுதி வையுங்கள்.

செய்யக்கூடாத மூன்று

பொலிசுக்குப் போவது பற்றி. அவர் தன் கணக்குக்குள் தன் கடவுச்சொல்லைப் போட்டு நுழைந்திருக்கிறார். அது திருட்டாகவோ கணினிக் குற்றமாகவோ வராது. முறைப்பாட்டை எழுதிக்கொள்வார்கள், பிறகு இது குடியியல் பிணக்கு என்று சொல்லி அனுப்புவார்கள். அதற்குள் செய்தி கனடாவுக்குப் போய்விடும், வவுனியாவில் உங்கள் அக்காவோடு பேச்சும் நின்றுவிடும்.

உங்கள் மகன் சொன்ன யோசனை இதைவிட ஆபத்து. அந்தத் தம்பி 2019 இல் ஒரு தடவை கொடுத்த கடவுச்சொல் இன்னும் வேலை செய்யும் போலிருக்கிறது, இரவோடு இரவாக உள்ளே போய் டொமைனை மாற்றிவிடலாம் என்கிறார். மகனைக் கூப்பிட்டு இந்தப் பந்தியை வாசிக்கக் கொடுங்கள். அனுமதியில்லாமல் ஒரு கணக்குக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். ஒரு தடவை ஒரு வேலைக்காகக் கொடுத்த கடவுச்சொல், இன்றைக்கும் அனுமதி ஆகாது. இன்று முறைப்பாட்டுக்காரராக இருக்கும் நீங்கள் ஒரே இரவில் குற்றவாளிக் கூண்டுக்குப் போய்விடுவீர்கள்.

முடிவுத் திகதி வரும்வரை பார்த்திருந்து பிடிக்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் நடக்காது. தானாகப் புதுப்பிக்கும்படி அவர் விட்டிருந்தால் அந்தத் திகதி உங்களுக்கு எதையும் தராது. தவறவிட்டாலும் பதிவு நிறுவனம் சலுகைக் காலம் கொடுக்கும், அதற்குப் பிறகு மீட்டெடுக்க 30 நாள், அழியும் நிலையில் 5 நாள். விடுபட்ட அந்தக் கணமே தானியங்கி நிரல்கள் பிடித்து ஏலத்தில் போட்டுவிடும். அப்படிப் போனால் பெறாமகனோடு பேசவேண்டிய விஷயத்தை முகம் தெரியாத ஒருவரோடு பேசவேண்டி வரும்.

இனி என்ன செய்யலாம்

முதலில் சாட்சி. 2009 இல் உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த சனம் நாங்கள். கடுதாசியின் அருமையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்தப் பிணக்கில் அந்தப் பை உங்கள் பழைய போன்தான். அதை விற்கவோ மாற்றவோ வேண்டாம். அந்தத் தம்பியோடான முழு உரையாடலையும் குரற் செய்திகளோடு சேர்த்து வேறு இடத்தில் சேமியுங்கள். துண்டு துண்டாகப் படம் பிடித்தது போதாது, முன்னும் பின்னும் உள்ளதைக் கட்டாயம் கேட்பார்கள். 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இப்படிப்பட்ட செய்திகளைச் சான்றாக ஏற்க இடம் தருகிறது. பழைய லேபல், பில் புத்தகம், யாழ்ப்பாணம் முற்றவெளி வர்த்தகக் கண்காட்சியில் போட்ட கடையின் படங்கள், தாயிடம் காசு கொடுத்த திகதிகள் எல்லாவற்றையும் வருட ஒழுங்கில் அடுக்குங்கள். டொமைனின் பொதுப் பதிவு விபரத்தையும் தேடி எடுங்கள். பெயர் மறைக்கப்பட்டிருக்கலாம். பதிந்த நாள், முடியும் நாள், பதிவு நிறுவனம், கடைசியாக மாற்றம் நடந்த நாள் தெரியும். அந்தக் கடைசித் திகதிதான் நான் மேலே சொன்ன சின்ன வாசலுக்கு முதல் துப்பு.

இரண்டாவது, வியாபாரம் நிற்கக்கூடாது. அதே பெயரில் டொட் எல்கே கிடைக்கிறதா என்று இந்த வாரமே பார்த்து எடுங்கள். தமிழிலேயே டொட் இலங்கை என்று முடியும் முகவரியும் இருக்கிறது. லேபல்களைக் குப்பையில் போட வேண்டாம், பழைய முகவரியின் மேல் புதியதை ஒரு சின்ன ஸ்டிக்கராக ஒட்டினால் போதும். கூடவே கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்துப் பணியகத்தில் வியாபாரக் குறிக்கு விண்ணப்பியுங்கள். ஊர்ப் பெயரும் பொருளின் பெயரும் மட்டும் என்றால் மறுக்கக்கூடும். உங்கள் லேபலில் இருக்கும் அந்தப் பனை ஓலைக் குட்டானின் படத்தையும் எழுத்து வடிவத்தையும் சேர்த்து ஒரே குறியாகக் கொடுங்கள். கிடைத்தால் 10 வருடம், பிறகு புதுப்பிக்கலாம். இது இலங்கைக்குள் மட்டும்தான் செல்லும். கனடாவில் அந்தத் தம்பியே இந்தப் பெயரைப் பதிய முயல்கிறாரா என்றும் ஒரு கண் வைத்திருங்கள்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், அக்கா. கடிதம் முழுக்க "எங்கட" என்று எழுதுகிறீர்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு உங்கள் ஒருவர் பெயரில் இருக்கிறது. மற்ற எட்டுப் பேரும் எங்கே? நீங்கள் அவர்களை ஏமாற்றப் போவதில்லை, எனக்குத் தெரியும். 2017 இல் அந்தத் தம்பிக்கும் ஏமாற்றும் எண்ணம் இருக்கவில்லை. புதிய டொமைனையும் வியாபாரக் குறியையும் எடுக்க முன்னம், பங்குடைமையாகவோ சங்கமாகவோ கம்பனியாகவோ ஒன்றைப் பதிந்து அதன் பெயரில் எடுங்கள். மின்னஞ்சலும் அதற்கென்று தனியாக இருக்கட்டும், கடவுச்சொல் குறைந்தது இரண்டு பேரிடமாவது இருக்கட்டும்.

மூன்றாவது பேச்சு. சட்டத்தரணிக் கடிதத்தோடு தொடங்க வேண்டாம். சித்தியாக ஒரு கடிதம் எழுதுங்கள், ஆனால் மேலே "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று போடுங்கள், சமாதானத்துக்காக எழுதுவதைப் பிறகு உங்களுக்கு எதிராக எடுக்கக்கூடாது என்பதற்காக. 2017 இல் அவர் எழுதிய வசனத்தை அப்படியே ஞாபகப்படுத்துங்கள். அவர் உங்களுக்காக மினக்கெட்டுத் தளம் கட்டியதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அதற்கு இதுவரை யாரும் ஒரு சதம் கொடுக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கோபத்தில் ஒரு பகுதி அதுவாக இருக்கலாம். டொட் கொம் பெயருக்கு வருடத்துக்குப் பத்து, இருபது டொலர்தான் போகும், அதையும் நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். அதனால் 2,000 டொலர் டொமைனின் விலை ஆகாது. தளம் கட்டிய உழைப்புக்கு நியாயமான ஒரு தொகையையும், உங்களுக்கு வரவேண்டிய சரக்குக் காசையும் எதிரெதிரே வைத்துக் கழித்துப் பாருங்கள். கடைசியில் யார் யாருக்குக் கொடுப்பது என்பதே மாறிவிடலாம். அவர் கனடாவில் வேறு பெயரில் கடை நடத்தட்டும், உங்கள் பொருளையும் விற்கட்டும் என்று ஒரு வழியையும் திறந்து வையுங்கள்.

உடன்பாடு வந்தால் எழுத்தில் போடுங்கள். கைமாற்றுவதற்குச் சுலபமான வழி, அதே பதிவு நிறுவனத்தில் உங்கள் அமைப்பின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, அவர் தன் கணக்கிலிருந்து அதற்குள் தள்ளிவிடுவது. காசு கொடுப்பதாக இருந்தால், டொமைன் உங்கள் கணக்கில் தெரிந்த பிறகே முழுவதையும் கொடுங்கள். அதுவரை இருபக்கமும் நம்பும் ஒருவரிடம் இருக்கட்டும். அவருடைய தாய் அதற்குப் பொருத்தமானவர் என்று எனக்குப் படுகிறது. எட்டு வருடமாக அந்தக் காசு அவருடைய கைவழியாகத்தானே போனது. அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு அவர்தான் நேரடிச் சாட்சியும்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் சட்டத்தரணிக் கடிதம் அனுப்பலாம். டொமைனைக் கேட்பதோடு, உங்கள் பெயரில் மற்றவர் பண்டத்தை விற்பதை நிறுத்தும்படியும் அதில் கேட்க வேண்டும். டொமைனை வைத்திருப்பதைவிட அந்த விற்பனைதான் சட்டப்படி அவருக்குப் பலவீனமான இடம். அங்கிருந்து ஒரு பொதியை வாங்கச் சொல்லி, பற்றுச்சீட்டோடு பிரிக்காமல் வைத்திருக்க ரொறன்ரோவில் உங்களுக்கு வேறு சொந்தம் யாராவது இருக்கிறார்களா?

பதிவு விபரத்தில் கடைசி மாற்றத் திகதி என்ன என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அது இந்த ஒரு வருடத்துக்குள் இருந்து, வெறும் வருடப் புதுப்பித்தலாகவும் இல்லாவிட்டால் வைப்போ வழியை இன்னொரு தடவை யோசிப்போம். அதுவரை தாலிக்கொடி வீட்டிலேயே இருக்கட்டும்.